இசிஜி எடுக்கவும் படிக்கவும் மாணவர்களைப் பழக்குவது எப்படி? முழுமையான வழிகாட்டி

வார்டுக்கு வரும் மாணவர்களிடம் மாரடைப்பு இசிஜியில் (இதயத்தின் மின் அலைகளைக் காகிதத்தில் வரையும் பதிவு) எப்படித் தெரியும் என்று கேட்டால் பெரும்பாலோர் சொல்லிவிடுகிறார்கள். அதே மாணவரிடம் ஒரு நோயாளியைக் காட்டி, நீங்களே ஒன்று எடுத்து வாருங்கள் என்றால் வி1 என்னும் முதல் மார்பு எலெக்ட்ரோடை வைக்கும் இடத்திலேயே கை நின்றுவிடுகிறது. பாடத்திட்டம் இரண்டையும் கேட்கிறது. நாம்தான் படிப்பதை மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு, எடுப்பதை செவிலியரிடமும் டெக்னீஷியனிடமும் விட்டுவிடுகிறோம்.

பொது மருத்துவப் பிரிவில் ஆறு அல்லது எட்டு மாணவர்களைக் கையில் கொடுத்து 'இசிஜி சொல்லிக்கொடுங்கள்' என்று பணிக்கப்பட்ட இளம் ஆசிரியர்களுக்காகவும் முதுநிலை மாணவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். நான் வலியுறுத்துவது வரிசையைத்தான். முதலில் கை பழக வேண்டும், பிறகுதான் கண். எடுத்துப் பழகாதவர் காகிதத்தில் வந்ததை அப்படியே நம்புவார். இது இதயத்தின் கோளாறா, எடுத்தவரின் கோளாறா என்ற கேள்வி எடுத்துப் பழகியவருக்குத்தான் வரும்.

1. முன்கூட்டியே சேர்த்து வைக்க வேண்டியவை

சார்ஜ் ஏற்றிய இயந்திரம் ஒன்று, மாற்றுக் காகிதச் சுருள் ஒன்று. கேபிளின் நிறங்கள் தெளிவாகத் தெரிய வேண்டும். அழுக்கேறி மஞ்சளும் பச்சையும் ஒன்றுபோல் தெரியும் கேபிளில் பழகும் மாணவர் முதல் நாளே தவறைத்தான் கற்றுக்கொள்வார். மார்பில் உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் பல்புகளில் பிடிப்பு தளர்ந்தவற்றை ஒதுக்கிவிடுங்கள். ஜெல்லி, ஈரப் பஞ்சு, உலர்ந்த துணி, ஒருமுறை பயன்படுத்தும் ரேசர், மறைப்புத் திரை, ஒரு போர்வை, தோலில் எழுதும் பேனா, மில்லிமீட்டர் அளவுகோல் ஆகியவையும் வேண்டும்.

இவற்றைவிட முக்கியமானது பழைய இசிஜிகளின் தொகுப்பு. நோயாளியின் பெயரும் எண்ணும் நீக்கப்பட்ட நாற்பது இயல்பான இசிஜிகள், முப்பது நோயுள்ளவை. எல்லாவற்றையும் நகலெடுத்துக்கொள்ளுங்கள். வெப்பத்தால் அச்சாகும் அந்தக் காகிதம் வெயிலிலும் பிளாஸ்டிக் உறையிலும் இருந்தால் வெளிறிவிடும். ஆசையாகச் சேர்த்த அபூர்வ இசிஜி இரண்டு ஆண்டில் வெறும் ரோஜா நிறக் கட்டங்களாக நிற்பதைப் பார்த்து வருந்தியவன் நான்.

இயல்பானவை ஏன் கூடுதலாக வேண்டும் என்பதை எட்டாம் பகுதியில் சொல்கிறேன்.

2. முதல் ஒரு மணி நேரம் இயந்திரத்தைத் தொடாதீர்கள்

முதல் வகுப்பு விலா எலும்புகளை எண்ணுவது. மாணவர்கள் இரண்டிரண்டு பேராகப் பிரிந்து ஒருவர்மேல் ஒருவர் பழகட்டும். மாணவிகளுக்குத் தனி அறை, பெண் ஆசிரியர் அல்லது மூத்த மாணவி துணை. விருப்பமில்லாத யாரையும் படுக்கச் சொல்லக் கூடாது.

கழுத்துக் குழியில் விரலை வைத்து மார்பெலும்பின்மேல் கீழே இறக்கச் சொல்லுங்கள். ஏறக்குறைய 5 செ.மீ. இறங்கியதும் குறுக்காக ஒரு சிறு மேடு தட்டுப்படும். லூயிஸ் கோணம் என்று உடற்கூறியலில் படித்தது இதுதான். அந்த மேட்டின் பக்கவாட்டில் வந்து சேர்வது இரண்டாவது விலா. அதற்குக் கீழே விரல் பதியும் பள்ளம் இரண்டாவது இடைவெளி. அங்கிருந்து மூன்றாவது, நான்காவது.

விரலைத் தூக்கினால் எண்ணிக்கை தவறும். ஒரு விரல் பள்ளத்தில் இருக்கும்போதே மறு விரல் அடுத்த பள்ளத்துக்கு இறங்க வேண்டும், இருட்டில் படி இறங்குவது போல. போன முறை வந்த மாணவி ஒருவர் மூன்று தடவை தவறவிட்டுவிட்டு, நான்காம் தடவை கண்ணை மூடிக்கொண்டார். மேட்டில் விரல் ஒரு கணம் நின்றது, பிறகு மெல்ல இறங்கியது. நான்காம் பள்ளத்தில் விரலை அழுத்திப் பிடித்தபடியே "இதுதான் சார்" என்றார். அதன்பின் அவருக்கு ஒருமுறைகூடத் தவறவில்லை. இப்போது எல்லோரையும் ஒரு தடவை கண்ணை மூடி எண்ணச் சொல்கிறேன்.

இங்கே வழக்கமாக நேரும் பிழை, காறை எலும்பை முதல் விலாவாக நினைத்து எண்ணத் தொடங்குவது. அப்படித் தொடங்கியவர் எப்போதும் ஓர் இடைவெளி மேலேதான் போய் நிற்பார். இன்னொன்று, மார்புக் காம்பை அடையாளமாகக் கொள்வது. அது ஆளுக்கு ஆள், வயதுக்கு வயது இடம் மாறும். எலும்பு மாறாது.

ஒருவர் பேனாவால் குறித்ததை அளந்து எழுதிக்கொண்டு, அழித்துவிட்டு, இரண்டாமவரைக் குறிக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் உள்ள தூரத்தை அளவுகோலால் காட்டுங்கள். முதல் நாளில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் விலகல் சாதாரணம். நேற்றைய இசிஜியையும் இன்றைய இசிஜியையும் ஒப்பிட்டு 'மாறியிருக்கிறது' என்று சொல்வதற்கு முன் ஏன் தயங்க வேண்டும் என்பதை வேறு எந்த விளக்கமும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

3. மார்பில் ஆறு இடங்கள், ஆனால் எண் வரிசையில் அல்ல

வி1 நான்காவது இடைவெளியில் மார்பெலும்பின் வலது ஓரம். வி2 அதே இடைவெளியில் இடது ஓரம். அடுத்து வி3 அல்ல, வி4. ஐந்தாவது இடைவெளியில், காறை எலும்பின் நடுவிலிருந்து நேர்கீழே வரும் கோட்டில். வி2-க்கும் வி4-க்கும் நடுவில் இருப்பதுதான் வி3 என்பதால் இரு முனையும் தெரியாமல் நடுவைக் கண்டுபிடிக்க முடியாது. வி5 அக்குளின் முன்விளிம்புக் கோட்டிலும், வி6 அக்குளின் நடுக்கோட்டிலும் வர வேண்டும். இரண்டுமே வி4 இருக்கும் அதே மட்டத்தில் நேராகப் போக வேண்டும்.

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் மாணவர்கள் சறுக்குகிறார்கள். ஐந்தாவது இடைவெளியையே தொடர்ந்து விரலை நகர்த்துகிறார்கள். விலா வளைந்து போகும். விரலும் அதோடு வளைந்து போய்விடும். வி4 வைத்தபின் விலாவை மறந்துவிட்டு, படுத்திருப்பவரின் பக்கவாட்டில் நின்று கண்ணால் மட்டம் பார்க்கச் சொல்லுங்கள்.

பெண்களுக்கு வி4, வி5, வி6 ஆகியவற்றை மார்பகத்தின்மேல் வைக்காமல் அடியில் வைப்பதே வழக்கம். தேவையானால் புறங்கையால் மட்டும் மெல்லத் தூக்க வேண்டும், அதுவும் சொல்லிவிட்டு. கூச்சத்தால் மாணவர்கள் எலெக்ட்ரோடுகளை மேலே தள்ளி வைத்துவிடுகிறார்கள். அந்தக் கூச்சத்தின் விலையை அந்தப் பெண் கொடுக்க வேண்டியதில்லை.

வி1, வி2 மேலே ஏறினால் என்ன ஆகும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுங்கள். சிறிய இரண்டாவது ஆர் அலை (துடிப்பின்போது மேலே எழும் கூர்முனை) தோன்றி வலது பண்டில் அடைப்பு (இதயத்தின் வலப்பக்க மின்பாதைத் தடை) போலக் காட்டும். டி அலை (அதன்பின் வரும் மெல்லிய மேடு) தலைகீழாகும். ஆர் அலை உயராமல் நின்று, முன்சுவரில் பழைய மாரடைப்போ என்று எண்ண வைக்கும். நலமாக இருக்கும் ஒருவர் எக்கோ (இதய ஸ்கேன்) அறை வாசலில் காத்திருக்கும் நிலை இரண்டு சென்டிமீட்டரில் உருவாகிறது.

4. நோயாளியிடம் பேசுவது இசிஜியின் ஒரு பகுதி

"கரண்ட் அடிக்காதுதானே தம்பி?" என்று கேட்காத மூத்தவர்கள் குறைவு. அந்தப் பயம் போகாமல் வயர்களை மாட்டினால் உடம்பு விறைக்கும், தசை நடுக்கம் காகிதத்தில் புல் முளைத்தது போல வரும். உடம்பிலிருந்து வருவதைத்தான் இயந்திரம் பதிவு செய்கிறது, உடம்புக்குள் எதையும் செலுத்தாது என்று மாணவர் தன் வாயால், நோயாளிக்குப் புரியும் பேச்சில் சொல்ல வேண்டும். ரப்பர் பல்பு இழுத்துப் பிடிக்கும், வட்டமாகச் சிவந்து பிறகு மறையும் என்பதையும் முன்பே சொல்லட்டும்.

திரையை இழுத்த பிறகே ஆடையை விலக்க வேண்டும். பெண் நோயாளிக்கு ஆண் மாணவர் எடுக்கும்போது செவிலியரோ உறவினர் ஒருவரோ அருகில் இருக்க வேண்டும். கைகள் உடம்பின் பக்கவாட்டில் தளர்ந்து, கட்டில் சட்டத்தைத் தொடாமல் இருக்கட்டும். கால்கள் ஒன்றின்மேல் ஒன்று இருக்கக் கூடாது. மூச்சுத்திணறலால் படுக்க முடியாதவருக்குச் சாய்ந்த நிலையிலேயே எடுத்துவிட்டு, அதைக் காகிதத்தில் எழுதிவிட வேண்டும். உடம்பின் நிலை மாறினால் அலைகளின் உயரமும் மாறும்.

5. கைகால் இணைப்புகள்

நம் மருத்துவமனைகளில் பரவலாக இருக்கும் கேபிளில் சிவப்பு வலது கை, மஞ்சள் இடது கை, பச்சை இடது கால், கறுப்பு வலது கால். நோயாளியின் வலது கையில் தொடங்கிச் சாலை விளக்கின் வரிசையில் சுற்றி வந்தால் சிவப்பு, மஞ்சள், பச்சை. மிச்சம் இருக்கும் காலுக்குக் கறுப்பு.

அமெரிக்கக் காணொளிகளில் பார்த்துப் பழகிய மாணவரைத் தனியாகக் கவனியுங்கள். அங்கே வலது கைக்கு வெள்ளை, இடது கைக்குக் கறுப்பு, இடது காலுக்குச் சிவப்பு, வலது காலுக்குப் பச்சை. சிவப்பும் பச்சையும் கறுப்பும் இரண்டு முறையிலும் உண்டு, இடம்தான் வேறு. ஆகவே நிறத்தோடு, முனையில் அச்சிட்டிருக்கும் எழுத்தையும் படித்துவிட்டு மாட்டும் பழக்கம் வர வேண்டும்.

கிளாம்ப் மாட்டும் இடத்தை ஈரத் துணியால் துடைக்கச் சொல்லுங்கள். வயலிலிருந்து நேரே வந்தவரின் காலில் மண் உலர்ந்திருக்கும், எண்ணெய் தேய்த்தவரின் தோல் வழுக்கும். இரண்டுமே இணைப்பைக் கெடுக்கும். கால் நீக்கப்பட்டவருக்கும் மாவுக்கட்டு போட்டவருக்கும் அதே காலில் மேலே எங்கே தோல் கிடைக்கிறதோ அங்கே வைத்து, மறு காலிலும் அதே உயரத்தில் வையுங்கள். கைகால் இணைப்புகளை மார்புக்கும் வயிற்றுக்கும் நகர்த்தினால் ஆக்சிஸ் (இதய மின்னோட்டத்தின் மொத்தத் திசை) மாறக்கூடும். நகர்த்தித்தான் ஆக வேண்டும் என்றால் குறிப்பு எழுதுங்கள்.

ஜெல்லி ஒரு பொட்டு அளவு போதும். வி1 முதல் வி6 வரை ஒரே இழுப்பாகப் பூசிவிட்டால் ஈரம் எல்லாவற்றையும் இணைத்துவிடும், பக்கத்துப் பக்கத்து லீடுகள் (ஒவ்வோர் இணைப்பின் கோணத்திலிருந்தும் வரும் பதிவுகள்) ஒன்றுபோலவே வரும்.

6. பொத்தானை அழுத்தும் முன்

வேகம் நொடிக்கு 25 மி.மீ., உயரம் ஒரு மில்லிவோல்ட்டுக்கு 10 மி.மீ. இரண்டும் காகிதத்தின் ஓரத்தில் அச்சாகும். அளவுக்குறி பத்துச் சிறு கட்டம் உயரமாக நிற்கிறதா என்று முதலில் பார்க்கப் பழக்குங்கள். முந்தைய நோயாளிக்கு அலைகள் காகிதத்தை மீறிப் போனதால் யாரோ பாதியாகக் குறைத்திருப்பார்கள், திருப்பி வைக்க மறந்திருப்பார்கள். அடுத்தவரின் பெருத்த இடது வென்ட்ரிக்கிள் (கீழறை) இயல்பாகத் தெரிந்துவிடும்.

அடிக்கோடு ஏறி இறங்கினால் மூச்சோ, தளர்ந்த இணைப்போ காரணம். ஒழுங்கான மெல்லிய அரம்பப் பல் போல வந்தால் மின்சாரம். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று என்பதால் 25 மி.மீ. வேகத்தில் ஒரு சிறு கட்டத்துக்கு இரண்டு பல் விழும். மாணவர் உருப்பெருக்கியால் எண்ணிப் பார்க்கட்டும், மறக்கமாட்டார். முதலில் இணைப்புகளை அழுத்திச் சரிசெய்துவிட்டு, பிறகு அருகிலிருக்கும் செல்போன் சார்ஜரைக் கழற்றி, இயந்திரத்தை பேட்டரியில் ஓட்டுங்கள். வடிகட்டியை எடுத்த எடுப்பில் போடுவது தவறு. அது அரம்பப் பல்லோடு சேர்த்து உண்மையான நுண்ணிய விவரங்களையும் மழித்துவிடும், சில அமைப்புகளில் எஸ்டி பகுதியின் (ஆர் அலைக்கும் டி அலைக்கும் இடையே உள்ள கோடு) உருவத்தையே மாற்றிவிடும்.

7. கழற்றும் முன் சரிபாருங்கள்

அச்சானதும் கிளாம்ப்பைக் கழற்றுவது எல்லோருக்கும் கை தானாகச் செய்யும் வேலை. அந்தக் கையைத் தடுத்து நிறுத்துங்கள். காகிதத்தைப் படுக்கையருகிலேயே விரித்து ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். தவறு இருந்தால் இப்போது திருத்த அரை நிமிடம் போதும். நோயாளி வார்டு மாறிய பிறகு திருத்துவதென்றால் யாரும் செய்யமாட்டார்கள்.

முதலில் ஏவிஆர் (வலது தோள் பக்கத்திலிருந்து இதயத்தைப் பார்க்கும் லீடு). அதில் பி (மேலறைகளின் அலை), கியூஆர்எஸ் (கீழறைகளின் கூர்முனைத் தொகுப்பு), டி மூன்றும் கீழ்நோக்கி இருப்பதே இயல்பு. அவை மேலே நிமிர்ந்து, லீட் 1 (இரு கைகளுக்கு இடையிலான பதிவு) முழுவதும் தலைகீழாக இருந்தால் சிவப்பும் மஞ்சளும் மாறியிருக்கின்றன என்றே முதலில் நினைக்க வேண்டும். இதயம் உண்மையிலேயே வலப்பக்கம் இருப்பவருக்கும் லீட் 1 இப்படித்தான் வரும். ஆனால் அவருக்கு வி1-லிருந்து வி6 நோக்கிப் போகப் போக அலைகள் சிறுத்துக்கொண்டே போகும். கை மாறியவருக்கு மார்பு லீடுகள் வழக்கம்போல இருக்கும்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. நான் பயிற்சியில் இருந்தபோது, இரவில் சேர்ந்த ஒருவரின் கேஸ் ஷீட்டில் 'டெக்ஸ்ட்ரோகார்டியா' (வலப்பக்க இதயம்) என்று எழுதியிருந்தது. காலைக்குள் அது மூன்று பக்கங்களில் மூன்று வேறு கையெழுத்துகளில் நகலாகிவிட்டது. அதில் ஒரு கையெழுத்து என்னுடையது. எக்ஸ்ரே வந்தபோது இதயம் இடப்பக்கம்தான் இருந்தது. அந்த இரவில் எங்களில் ஒருவரும் நோயாளியின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வலப்பக்கம் வைத்துக் கேட்கவில்லை, இரண்டாவது இசிஜியும் எடுக்கவில்லை.

அடுத்து லீட் 2. அது ஏறக்குறைய நேர்க்கோடாக இருந்து மற்றவை நன்றாக இருந்தால் வலது கையும் வலது காலும் மாறியிருக்கும். மேலும், எந்த நொடியிலும் லீட் 1-இன் உயரத்தோடு லீட் 3-இன் உயரத்தைக் கூட்டினால் லீட் 2 வர வேண்டும். கூட்டல் பொருந்தாவிட்டால் இயந்திரத்திலோ, அச்சுத் துண்டுகளை ஒட்டியதிலோ பிழை இருக்கிறது. ஆனால் இரண்டு இணைப்புகள் இடம் மாறினால் கூட்டல் பொருந்தவே செய்யும், ஆகவே கூட்டல் சரி என்றால் எல்லாம் சரி என்று விட்டுவிடக் கூடாது.

மூன்றாவது, நடுக்கம் எந்த லீடில் இல்லை என்று பார்ப்பது. லீட் 1 மட்டும் தெளிவாக இருந்தால் குற்றவாளி இடது கால். லீட் 2 (வலது கை, இடது கால்) மட்டும் தெளிவு என்றால் இடது கை. லீட் 3 (இடது கை, இடது கால்) மட்டும் தெளிவு என்றால் வலது கை. தெளிவான லீடில் பங்கு பெறாத முனையே பழுது என்ற தர்க்கம் புரிந்ததும் மாணவர்கள் நான்கு கிளாம்ப்பையும் கழற்றி மாட்டுவதை நிறுத்திவிடுவார்கள்.

கடைசியாகப் பெயர், வயது, தேதி, நேரம். நேரத்தின் பக்கத்தில் அந்த நிமிடம் நெஞ்சுவலி இருந்ததா இல்லையா. வலி இருக்கும்போது எடுத்தது, வலி நின்றபின் எடுத்தது என்று எழுதாத இரண்டு இசிஜிகளை வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது.

இவ்வளவும் ஆன பிறகு, தவறுகளை வேண்டுமென்றே செய்யச் சொல்லுங்கள். நலமான மாணவர் ஒருவருக்குச் சரியாக ஒன்று, கைகளை மாற்றி ஒன்று, இடது கையையும் இடது காலையும் மாற்றி ஒன்று, வி1, வி2-வை இரண்டாவது இடைவெளிக்கு ஏற்றி ஒன்று, பல் துலக்குவது போலக் கையை ஆட்டச் சொல்லி ஒன்று. ஐந்தையும் சுவரில் ஒட்டுங்கள். கை ஆட்டி எடுத்தது வென்ட்ரிக்கிளின் அபாயகரமான வேகத் துடிப்பு போலவே இருக்கும். அதற்குள் இயல்பான கியூஆர்எஸ் முனைகள் சீராக நடந்துபோவதை அவர்களாகவே கண்டுபிடிக்கும்வரை விடை சொல்லாதீர்கள். இடது கையும் இடது காலும் மாறியதைக் கண்டுபிடிப்பது எல்லாவற்றிலும் கடினம். பார்வைக்கு இயல்பாகவே தெரியலாம். பழைய இசிஜி இல்லாமல் பிடிபடாத தவறும் உண்டு என்பதை அது கற்றுத்தரும்.

8. படிப்பது: முதலில் இயல்பானவை மட்டும்

இரண்டு நாட்கள் இயல்பானவை மட்டும் படிக்கட்டும். மாணவர்களுக்கு இது சலிப்பாக இருக்கும், நோயைக் காட்டுங்கள் என்பார்கள். கொடுக்காதீர்கள். இருபது வயது ஒல்லியான இளைஞரின் உயர்ந்த அலைகள், இளைஞர்களின் வி2, வி3-இல் இயல்பாகவே மேலேறி நிற்கும் எஸ்டி, மூச்சோடு சேர்ந்து வேகம் கூடிக் குறைவது, லீட் 3-இல் தனியாகத் தலைகீழாக நிற்கும் டி இவை எல்லாம் நலமானவர்களிடமும் வரும். இவற்றைப் பார்த்துப் பழகாதவர் பிறகு எல்லாவற்றிலும் நோயைக் காண்பார்.

இயந்திரம் மேலே அச்சிடும் விளக்கத்தை மடித்து மறைக்கச் சொல்லுங்கள். இதயத் துடிப்பு எண்ணிக்கையையும் இடைவெளிகளையும் இயந்திரம் பெரும்பாலும் சரியாக அளக்கும். தாளத்திலும் எஸ்டியிலும் அதை நம்பிக் கையெழுத்துப் போட முடியாது. மாணவர் தன் விடையை எழுதிய பின் மடிப்பைத் திறந்து ஒப்பிடட்டும்.

இன்னொரு கட்டுப்பாடு. பெயர் சொல்லும் முன் வர்ணிக்க வேண்டும். 'இது மாரடைப்பு' என்று தொடங்கும் மாணவரை நிறுத்தி, 'எந்த லீடில், எந்த அலை, எத்தனை கட்டம்' என்று கேளுங்கள். பெயர் முதலில் வந்துவிட்டால் கண் அதற்குப் பொருந்துவதை மட்டுமே தேடும்.

9. ஒரே வரிசை, ஒவ்வொரு முறையும்

வரிசை இதுதான்: பெயரும் நேரமும், அளவுக்குறி, துடிப்பின் வேகம், தாளம், ஆக்சிஸ், பிஆர் (பி தொடக்கம் முதல் கியூஆர்எஸ் தொடக்கம் வரை), கியூஆர்எஸ், கியூடி (கியூஆர்எஸ் தொடக்கம் முதல் டி முடிவு வரை), எஸ்டி, டி, பழைய இசிஜி. எஸ்டி ஏன் இவ்வளவு பின்னால்? கண் முதலில் ஓடுவது அங்கேதான். அங்கே எதையாவது கண்டுவிட்டால் மற்றவற்றைப் பார்ப்பது நின்றுவிடும். கியூஆர்எஸ் அகன்றிருந்தால் எஸ்டியின் பொருளே மாறும் என்பதாலும் அதை முன்னால் அளந்தாக வேண்டும்.

வேகம்: ஒரு சிறு கட்டம் 0.04 நொடி, ஒரு பெரிய கட்டம் 0.2 நொடி. இரண்டு ஆர் அலைகளுக்கு இடையே உள்ள பெரிய கட்டங்களால் 300-ஐ வகுக்கலாம். தாளம் ஒழுங்கற்றிருந்தால் அந்தக் கணக்கு பொய். 10 நொடி நீளத்தில், அதாவது 50 பெரிய கட்டங்களில், எத்தனை கியூஆர்எஸ் என்று எண்ணி ஆறால் பெருக்க வேண்டும்.

தாளம்: லீட் 2-இல் பி அலை நிமிர்ந்திருக்கிறதா, ஒவ்வொரு கியூஆர்எஸ்ஸுக்கு முன்னும் இருக்கிறதா, ஒவ்வொரு பி-க்குப் பின்னும் கியூஆர்எஸ் வருகிறதா? ஒரு துண்டுக் காகிதத்தின் விளிம்பில் பி அலைகளைப் புள்ளியாகக் குறித்து, காகிதத்தை நகர்த்திப் பார்க்கச் சொல்லுங்கள். முழு அடைப்பில் (மேலறையின் மின்னோட்டம் கீழறைக்கு வராத நிலை) புள்ளிகள் தம் வழியில் சீராகப் போகும், கியூஆர்எஸ் தன் வழியில் போகும். ஒரு பி அலை டி அலைக்குள் ஒளிந்திருக்கும் இடத்தைப் புள்ளி காட்டிக்கொடுக்கும். வகுப்பில் மாணவர் முகம் மலரும் கணம் பெரும்பாலும் இதுதான்.

ஆக்சிஸுக்குத் தொடக்கத்தில் லீட் 1, லீட் 2 இரண்டும் மேல்நோக்கி இருந்தால் இயல்பு என்பது போதும். பாகைக் கணக்கெல்லாம் பிறகு வரட்டும். பிஆர் மூன்று முதல் ஐந்து சிறு கட்டம். கியூஆர்எஸ் மூன்று சிறு கட்டத்துக்குள். கியூடி, துடிப்பு 60 முதல் 100-க்குள் இருக்கும்போது இரண்டு ஆர் அலைகளின் தூரத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. இது தோராயம்தான். தாண்டினால் துடிப்பு வேகத்துக்கேற்பக் கணக்குப் போட்டுத் திருத்திய கியூடியைப் பார்க்க வேண்டும். திருத்திய அளவு 500 மில்லிநொடியைக் கடந்தால் நோயாளி வாங்கும் மருந்துகளின் பட்டியலை உடனே எடுக்க வேண்டும்.

10. எஸ்டி பகுதிக்கு ஒரு முழு நாள்

கியூஆர்எஸ் முடிந்து கோடு திரும்பும் மூலைதான் ஜே புள்ளி. அங்கேதான் அளக்க வேண்டும். முதல் பிழையே இதில்தான். டி அலையின் ஏற்றத்தில் அளவுகோலை வைத்துவிட்டு மூன்று மில்லிமீட்டர் என்பார்கள். கியூஆர்எஸ் தொடங்கும் மட்டத்தில் ஒரு கோடு இழுத்து, அதிலிருந்து ஜே புள்ளி எவ்வளவு மேலே என்று காட்டச் சொல்லுங்கள்.

அடுத்தடுத்த இரண்டு லீடுகளில் 1 மி.மீ. உயர்ந்தால் கணக்கில் எடுக்க வேண்டும். வி2, வி3-க்கு மட்டும் அளவு வேறு: 40 வயதும் அதற்கு மேலும் உள்ள ஆண்களுக்கு 2 மி.மீ., 40-க்குக் கீழே உள்ள ஆண்களுக்கு 2.5, பெண்களுக்கு 1.5. எட்டாம் பகுதியில் இளைஞர்களின் இசிஜிகளை நிறையப் பார்க்கச் சொன்னதன் காரணம் இந்த எண்களில் இருக்கிறது.

அடுத்தடுத்த லீடு என்பது காகிதத்தில் அடுத்தடுத்து அச்சானது அல்ல, இதயத்தில் அடுத்தடுத்த இடம். லீட் 2, 3, ஏவிஎஃப் கீழ்ச்சுவர். லீட் 1, ஏவிஎல், வி5, வி6 பக்கச்சுவர். வி1 முதல் வி4 வரை முன்சுவர். கீழ்ச்சுவரில் எஸ்டி ஏறினால் ஏவிஎல்-இல் இறங்கியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சில நேரங்களில் ஏவிஎல்-இல் இறங்குவதுதான் முதலில் கண்ணில் படும். கீழ்ச்சுவர் மாரடைப்பு என்று தெரிந்ததும் வி4-ஐ மார்பின் வலப்பக்கத்தில் அதே இடத்தில் வைத்து மறுபடி எடுக்க வேண்டும். வலது வென்ட்ரிக்கிளும் பாதிக்கப்பட்டிருந்தால் நாக்கின் கீழ் வைக்கும் நைட்ரேட் மாத்திரை இரத்த அழுத்தத்தைச் சடாரெனச் சரித்துவிடும். வி1 முதல் வி3 வரை எஸ்டி இறங்கி ஆர் அலை உயர்ந்திருந்தால் பின்சுவரை நினைக்க வேண்டும். வி7, வி8, வி9 முதுகுப் பக்கம் வைத்து எடுக்கப்படும்.

நெஞ்சுவலியோடு வருபவருக்குப் பத்து நிமிடத்துக்குள் இசிஜி எடுத்து, பார்க்கத் தெரிந்தவர் பார்த்திருக்க வேண்டும். முதல் இசிஜி இயல்பாக இருந்து வலி தொடர்ந்தால் பதினைந்து, முப்பது நிமிடத்தில் மீண்டும். இதை ஒருமுறை சொன்னால் போதாது. இயல்பான முதல் இசிஜியைக் காட்டி வீட்டுக்கு அனுப்பும் தவறு நடந்துகொண்டேதான் இருக்கிறது.

11. நம் வார்டுகளில் தவறவிடக் கூடாதவை

பாடப் புத்தகத்தில் ஒரு வரியாகப் போகும் சில இசிஜிகள் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனை வார்டில் தினசரி விஷயம். மஞ்சள் அரளி விதை நஞ்சு அவற்றில் முதன்மையானது. வடஇலங்கையிலும் இது அதிகம். இதயத்தைத் தாக்கும் கிளைக்கோசைடுகள் அதில் உள்ளன. துடிப்பு மெதுவாகும், பிஆர் நீளும், அடைப்பு படிப்படியாக முற்றும். வந்தவுடன் எடுத்த இசிஜி இயல்பாக இருப்பது நிம்மதி தரக் கூடாது, மறுநாள்கூட மாறலாம். ஆகவே ஒரே நோயாளியின் தொடர் இசிஜிகளை நேர வரிசையில் ஒட்டி, பிஆர் அளவை ஒவ்வொன்றிலும் எழுத வையுங்கள்.

ஒடுவந்தழை (ஒடுவன் மரத்தின் இலை) நஞ்சு உண்டவருக்கு இரத்தத்தில் பொட்டாசியம் குறையும். டி தட்டையாகி, அதன்பின் யு என்னும் சிறு அலை எழும். டயாலிசிஸ் தவறவிட்டு வருபவரிடம் நேர்மாறு. டி அலை கூடாரம் போலக் கூர்மையாக நிற்கும், பி மங்கும், கியூஆர்எஸ் அகலும். கடைசி நிலையில் அலையும் அலையும் உருண்டு ஒன்றாகிவிடும். ஆய்வக முடிவு வரும்வரை காத்திருக்காமல் கால்சியம் கொடுக்க வைக்கும் இசிஜி இது. அதை மாணவர் அடையாளம் கண்டால் போதாது, கண்டதும் யாரிடம் ஓட வேண்டும் என்பதும் அந்த வகுப்பிலேயே சொல்லப்பட வேண்டும்.

இந்த நிலையில் நோய்வாரியாக அடுக்காமல் கலந்து கொடுங்கள். 'இன்று பண்டில் அடைப்பு' என்று அறிவித்துவிட்டுப் பத்துப் பண்டில் அடைப்புகளைக் காட்டினால் பத்தும் சரியாக வரும், மறுவாரம் ஒன்றும் வராது.

12. எழுத வைப்பது

எல்லோரும் பேசும் முன் எல்லோரும் எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால் முதலில் பேசுபவரின் விடையே ஆறு பேரின் விடையாகிவிடும். அமைதியாக இருக்கும் மாணவரை முதலில் படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் கடைசியில் பேசுங்கள்.

கேஸ் ஷீட்டில் எழுத வேண்டிய வடிவம் நான்கு வரி. வேகமும் தாளமும் ஒரு வரி. அளவுகள் ஒரு வரி. கண்ட மாற்றங்கள், லீட் பெயரோடு ஒரு வரி. பழைய இசிஜியோடு ஒப்பீடும் நோயாளியின் நிலையும் ஒரு வரி. 'எஸ்டி-டி மாற்றங்கள் உள்ளன' என்ற வாக்கியத்தை அனுமதிக்காதீர்கள். எங்கே, எவ்வளவு, எந்தப் பக்கம் என்று சொல்லாத வரி இரவுப் பணிக்கு வரும் அடுத்த மருத்துவருக்கு எந்த உதவியும் செய்யாது.

13. தேர்ச்சிச் சோதனை

பத்தாம் நாள் ஒவ்வொருவரும் தாம் முன்பு பார்த்திராத ஒருவருக்குத் தனியாக இசிஜி எடுக்க வேண்டும். பேச்சு, மறைப்பு, இடம், அச்சு, சரிபார்ப்பு, ஜெல்லியைத் துடைத்துவிட்டுப் பல்புகளைக் கழுவி வைப்பது வரை எல்லாவற்றையும் பாருங்கள். பிறகு பத்து இசிஜிகள் கொடுங்கள். மூன்று இயல்பானவை, இரண்டு தவறாகப் பொருத்தி எடுத்தவை, ஐந்து நோயுள்ளவை. இயல்பானதை நோய் என்றவருக்கும் நோயை இயல்பு என்றவருக்கும் மறுபயிற்சி உண்டு. தவறான பொருத்தத்தைக் கண்டுபிடித்து, 'இதைப் படிக்கமாட்டேன், மீண்டும் எடுக்க வேண்டும்' என்று எழுதியவருக்கு முழு மதிப்பெண்.

தேறியவர்களை அடுத்த பிரிவின் முதல் நாளுக்கு வரச் சொல்லுங்கள். புதியவர்களுக்கு அந்த மேட்டையும் நான்காவது பள்ளத்தையும் அவர்களே காட்டிக்கொடுக்கட்டும். நீங்கள் பின்னால் நின்று அவர்களுடைய விரல்களை மட்டும் கவனியுங்கள்.